காணா நாடும் துப்பறியும் கதையும்

துப்பறியும் கதையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வார் நம்மிடையே மிகச் சிலரே. புகைவண்டியில் படித்து, இறங்கும் நிலையத்தில் விட்டுச் செல்லத் தக்கது என்று அதனை ஒதுக்கிவிடுதல் வழக்கமாயிற்று. கதைப் பின்னலையும் விறுவிறுப்பையும் மட்டுமே நோக்குவார்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயினும், கடல் கடந்த நாடுகளை நேரிற் காணும் வாய்ப்பில்லாத பெரும்பாலார்க்கு அந்நாடுகளின் தெருக்களையும் அறைகளையும் உணவையும் வழக்கு மன்றங்களையும் முதன்முதலாகக் காட்டியது இக்கதைவகையே என்பது மறுக்கலாகாத உண்மை. இலண்டன் மாநகரின் பேக்கர் தெருவை அறிந்த தமிழர் பல்லாயிரவர். அங்குச் சென்று மீண்டவர் எத்துணையர்? இருந்த இடத்தில் இருந்தவாறே உலகைச் சுற்றிவரும் இப்பயணம் எவ்வளவு நம்பத் தக்கது என்பதே ஈண்டு ஆராயப் புகும் வினா.

இவ்வகைக் கதை இடத்தையும் பொருளையும் நுணுகி உரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காதற்கதை எழுதுவோர் ஒரு வீட்டின் சன்னல் உட்புறம் திறக்குமா வெளிப்புறம் திறக்குமா என்று சொல்லாமல் விடலாம். கொலைக்கதை எழுதுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. வேலைக்காரர் எத்தனை மணிக்கு வருவர், இரவில் வாயிலை அடைப்பவர் யார், நஞ்சு எக்கடையில் கிடைக்கும், பிணத்தைத் தொடும் உரிமை யாருக்கு உண்டு என்பன எல்லாம் அங்குச் சான்றுகள். வரலாற்றாசிரியர் பொருட்படுத்தாத அன்றாடச் செய்திகள், கதையின் முடிச்சுக்கு வேண்டப்படுதலின், அந்நூல்களில் தங்கிவிடுகின்றன. அவ்வாறு தங்கிய செய்தி மெய்யோ பொய்யோ என்பது வேறு கேள்வி.

இவ்வகையின் தோற்றமே ஆசிரியர் காணாத ஊரில் நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. அமெரிக்கரான எட்கார் ஆலன் போ 1841 ஏப்ரல் திங்களில் 'கிரகாம்' என்னும் இதழில் வெளியிட்ட 'ரூ மோர்க் கொலைகள்' என்னும் கதையே துப்பறியும் கதைகளுக்கு முதல் என்று பெரும்பாலோர் கொள்வர். கதை நிகழும் இடம் பாரிசு. போ இளமையில் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். ஆனால் பாரிசைக் கண்டவரல்லர். 'ரூ மோர்க்' என்ற பெயரில் அந்நகரில் தெருவும் இல்லை. கதையின் உயிர்நிலையான சான்று யாதெனின், பூட்டிய அறையினுள்ளிருந்து கேட்ட ஒரு குரல். அதனைக் கேட்டவர் பல நாட்டினர். ஆலந்துக்காரர் அது பிரெஞ்சு என்றார். ஆங்கிலேயர் செருமன் என்றார். இசுபானியர் ஆங்கிலம் என்றார். இத்தாலியர் உருசியம் என்றார். ஒவ்வொருவரும் தாம் அறியாத மொழியின் பெயரையே கூறினர். அக்குரலோ மனிதக் குரலன்று. போர்னியோவிலிருந்து கொணரப்பட்ட ஒராங்குட்டான் குரங்கினது. அறியாத ஒலி எதுவாயினும் அதை அயலான்மேல் ஏற்றிவிடுவது மனித இயல்பு என்பதைப் போ தம் முதற்கதையிலேயே கண்டு காட்டினார். பின்வந்தோர் பலர் இதனைப் படித்தும் மறந்தனர்.

அடுத்த கதையில் போ இன்னும் துணிந்து சென்றார். 1841 சூலையில் நியூயார்க்கில் சுருட்டுக் கடையொன்றில் பணிபுரிந்த மேரி ராசர்சு என்னும் இளம்பெண்ணின் உடல் அட்சன் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. அவ்வழக்கையே போ பாரிசுக்குப் பெயர்த்து, அட்சனைச் சேன் ஆறாகவும் மேரியை 'மரீ ரோசே' ஆகவும் மாற்றி, 1842 நவம்பர் முதல் தொடராக வெளியிட்டார். தொடர் முடியுமுன் வழக்கில் புதிய செய்திகள் வெளிவந்தன. 1845இல் கதை நூலில் இடம்பெற்றபோது, முன்னர்க் கூறிய முடிவுக்கு அவை முரணாகாவாறு போ சில திருத்தங்களைச் செய்தார். பாரிசு அவருக்கு ஓர் ஊரன்று, திரைச்சீலை. அச்சீலைக்குப் பின்னே இருந்தது அவர் நன்கறிந்த நியூயார்க்கே. எனவே அக்கதையில் பாரிசைத் தேடிச் செல்வார் நியூயார்க்கின் செய்தித்தாள்களையே கண்டு மீள்வர்.

ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் இதே துணிவை இந்தியாவின்மேல் காட்டியவர் எச். ஆர். எப். கீட்டிங் என்னும் ஆங்கிலேயர். அவருடைய முன்னைய நூல்கள் மிகுதியும் ஆங்கில மணம் வீசுவன என்று அமெரிக்கப் பதிப்பாளர் கொள்ளாது விட்டனர். அதனால் பம்பாயைக் களமாகக் கொண்டு, கணேசு கோட்டே என்னும் மராத்திய இன்சுபெக்டரைப் படைத்து, 1964இல் 'பெர்பெக்ட் கொலை' என்னும் நூலை வெளியிட்டார். 'பெர்பெக்ட்' என்பது அந்நூலில் ஒரு பார்சிச் செயலாளரின் பெயர். 'குறையற்ற கொலை' என்றும் பொருள்படும் சிலேடை அது. பிரிட்டிசுக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருது அந்நூலுக்குக் கிடைத்தது. நூலாசிரியர் பம்பாயில் முதன்முறை கால் வைத்ததோ சுமார் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே! நூல்களும் செய்தித்தாள்களும் திரைப்படங்களுமே அதுகாறும் அவருக்குக் கண்களாயின.

இதனை ஏமாற்று என்று தள்ளிவிடுதல் எளிது. யான் அவ்வாறு கருதவில்லை. கோட்டே வீரனல்லன்; மேலதிகாரிக்கு அஞ்சுபவன்; செல்வர் வீட்டு வாயிலில் தயங்கி நிற்பவன்; ஆயினும் உண்மையை விட்டுக் கொடாதவன். அவன் நடக்கும் தெரு நூலறிவால் வரையப்பட்டது என்பது படிப்பவர்க்குப் புலனாகிவிடும். பேச்சில் வரும் ஆங்கிலமும் ஒரே வாய்பாட்டில் வார்க்கப்பட்டதாகக் காதை உறுத்தும். ஆனால் அலுவலகத்தில் மேலோன் முன் கீழோன் படும் பாடு எந்நாட்டவரும் தம் வீட்டிலிருந்தே அறியக் கூடியது. அறிந்ததை எழுதிய இடத்தில் கீட்டிங் வெற்றி பெற்றார். 1988இல் அக்கதை பம்பாயிலேயே திரைப்படமாக்கப்பட்டது. நசிருதீன் ஷா கோட்டேயாக நடித்தார்.

இவ்விருவர்க்கும் நேர்மாறானவர் ஆலந்து நாட்டு அறிஞர் இராபர்ட் வான் குலிக். 1910இல் பிறந்த அவர் இளமையின் ஒரு பகுதியைச் சாவகத்தில் கழித்தார். மாணவராயிருந்தபோதே அமெரிக்கப் பழங்குடியினரின் பிளாக்ஃபுட் மொழிக்கு அகராதி தொகுப்பதில் தம் ஆசிரியருக்குத் துணை நின்றார். 1932இல் காளிதாசரின் விக்கிரமோர்வசீயத்தை ஆலந்து மொழியில் பெயர்த்தார். சீன, சப்பானிய நாடுகளின் அயக்கிரீவ வழிபாட்டை ஆராய்ந்து 1935இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்த் தூதரகப் பணியில் தோக்கியோ, சுங்கிங், புதுதில்லி, பெய்ரூத்து, கோலாலம்பூர் ஆகிய நகரங்களில் வாழ்ந்தார். சீன யாழாகிய சின் என்னும் இசைக்கருவியை மீட்டவும் அறிந்தவர். அதுபற்றி 1940இல் ஒரு நூலும் எழுதினார். இத்தகைய ஒருவர் துப்பறியும் கதை எழுதப் புகுந்தமை அவ்வகையின் நற்பேறு.

தோக்கியோவின் பழைய புத்தகக் கடை ஒன்றில் அவருக்குப் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அவர் கருதிய சீனக் கதை நூலொன்று கிடைத்தது. கி.பி. 630 முதல் 700 வரை வாழ்ந்த தீ சென்சீ என்னும் தாங்குப் பேரரசின் அமைச்சர், தம் இளமைப் பதவியில் நீதிபதியாயிருந்து மூன்று வழக்குகளைத் தீர்த்த கதை அது. தீ வரலாற்று மாந்தர். தலைநகரின் நீதித்துறையில் பணியாற்றியபோது ஓராண்டில் 17,000 பேரைப் பற்றிய வழக்குகளைக் குறையின்றி முடித்தார் எனப் பழைய தாங்கு வரலாறு புகழும். வான் குலிக் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1949இல் தோக்கியோவில் தாமே பதிப்பித்தார். மேனாட்டுத் துப்பறியும் கதைகளின் தரங்குறைந்த மொழிபெயர்ப்புகளைப் படித்து மகிழும் சீனரும் சப்பானியரும் தம் பழைய செல்வத்தை மறந்தனரே என்பது அவர்தம் கவலை. பின்னர் அவரே தீயைத் தலைவராகக் கொண்டு புதுக்கதைகள் புனைந்தார். மிங்கு காலத்து மரச்செதுக்கு ஓவியங்களைப் பின்பற்றிப் படங்களும் தாமே வரைந்தார்.

பழைய சீன வழக்குக் கதைக்கும் மேனாட்டுக் கதைக்கும் உள்ள வேறுபாடுகளை அவர் எடுத்துரைத்தமை இலக்கிய ஒப்பாய்வாளர்க்குப் பெரிதும் பயன்படும். சீனக் கதையில் குற்றவாளி யார் என்பது தொடக்கத்திலேயே வெளிப்படும். படிப்போர் மகிழ்ச்சி, நீதிபதியும் கள்வனும் ஆடும் சதுரங்கத்தைக் காண்பதில் உள்ளது. ஆவிகள் வந்து சான்று பகரும். கதைமாந்தர் மிகப் பலர். இறுதியில் தண்டனை நிறைவேறுவது ஒன்றுவிடாமல் சொல்லப்படும். இவற்றுட் சிலவற்றை வான் குலிக் நீக்கினார். ஒரே வேளையில் மூன்று வழக்குகளை நடத்தும் முறையை மட்டும் போற்றி வைத்துக்கொண்டார். குற்றவாளி தன் வாயால் ஒப்பினாலன்றித் தீர்ப்பு இல்லை என்பது பழஞ்சீனச் சட்டம். அதனால் நீதிமன்றத்தில் வதைத்தல் சட்டத்திற்கு உட்பட்டது. ஆயினும் குற்றமற்றவர் வதையால் இறந்துபடின் நீதிபதியே தண்டனைக்கு உள்ளாவார். கதையின் ஒவ்வொரு விசாரணையிலும் இவ்வச்சம் உடன் நிற்கின்றது. இதனை அறியாத ஒருவர் எழுதியிருப்பின் சவுக்கடி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மற்றொன்றும் இங்குக் கருதத் தகும். சீன ஆட்சிமுறையில் நீதிபதி தம் சொந்த மாநிலத்தில் அமர்த்தப்படுவதில்லை. சில ஆண்டுகளில் வேற்றூருக்கு மாற்றப்படுவார். ஆகவே கதை தொடங்கும்போது தீயும் அவ்வூருக்குப் புதியவரே. எத்தெரு எங்குச் செல்லும், எக்குடும்பம் எதனோடு பகை என்பவற்றை அவரும் நாமும் ஒருங்கே கற்கின்றோம். காணா நாட்டுக்குள் படிப்போரை அழைத்துச் செல்ல இதனினும் தக்க வழி அமைதல் அரிது. வான் குலிக்கிடமும் ஒரு பிழை உண்டு. ஆனால் அறிந்தே செய்த பிழை. தீயின் காலம் ஏழாம் நூற்றாண்டு. கதைகளில் காணும் உடையும் வீடும் பழக்கவழக்கமும் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு பிந்திய மிங்கு காலத்தன. பழைய சீனக் கதைஞர் வழியே அதுதான் என்று அவர் ஒளியாது கூறிவிட்டார். அவர் இதனோடு நில்லாது, நீதிபதிகளுக்கென 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வழக்குத் திரட்டு ஒன்றையும் 1956இல் மொழிபெயர்த்தார். அதே நூற்றாண்டில், 1247இல், சுங் சூ என்னும் நீதிபதி எழுதிய பிணவாய்வு நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறும். ஊரார் அனைவரும் தத்தம் அரிவாளைக் கொணர்ந்து வெயிலில் வைக்குமாறு பணிக்கப்பட்டனர். ஓர் அரிவாளின்மேல் மட்டும் ஈக்கள் மொய்த்தன. அதற்குரியவன் கொலையை ஒப்பினான். ஐரோப்பியர் கதையில் அறிவியல் முறை நுழைதற்கு ஆறு நூற்றாண்டு முற்பட்டது இச்செய்தி.

அமெரிக்காவின் நவாகோப் பழங்குடியினரைப் பற்றி 1970 முதல் எழுதிய டோனி இல்லர்மனும் இவ்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர். அவர் நவாகோ அல்லர்; ஓக்லகோமாவின் நாட்டுப்புறத்தில் பழங்குடிச் சிறாருடன் வளர்ந்தவர். இறந்தாரின் தீய கூறு இறந்த இடத்தில் தங்கும் என்பது நவாகோ நம்பிக்கை. ஒருவர் வீட்டினுள் இறப்பின் வடபுறச் சுவரை உடைத்து உடலை வெளிக்கொணர்ந்து, அவ்வீட்டைக் கைவிடுவர். பிணத்தருகே செல்ல அஞ்சும் ஒரு மக்களிடையே கொலை ஆராயும் காவலர் எவ்வாறு பணிபுரிவார்? இவ்வினாவே அவர்தம் கதைகளின் உயிர். வடசுவரில் ஓட்டையுள்ள வீட்டைக் கண்டதும் நவாகோக் காவலர் நின்றுவிடுவார். அயலார் உள்ளே நுழைவார். பண்பாட்டுச் செய்தி கதைக்கு அணியாக நில்லாமல் துப்பாகவே ஆகிவிடுகின்றது. 1987இல் நவாகோ மக்கள் அவருக்குத் தம் சிறப்பு நண்பர் என்னும் மதிப்பை வழங்கினர். பிறர் சடங்குகளை அயலார் எழுதி விற்றல் தகுமோ என்று வினவுவாரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

தமிழில் இக்கதைவகை புகுந்தபோது நிகழ்ந்தது வேறொன்று. ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் ஆங்கில நவீனங்களைத் தழுவியபோது மாந்தர் பெயரையும் ஊர்ப்பெயரையும் தமிழாக்கினர். அயல்நாட்டுப் பிரபு இந்நாட்டு ஜமீன்தாராயினார். படிப்பவர் பயணம் செய்யவில்லை. கதைதான் பயணம் செய்து வந்து வேட்டி உடுத்தது. இதனால் தமிழ் உரைநடை விரைவும் எளிமையும் பெற்றது என்பதை ஒப்பவேண்டும். காணா நாட்டைப் பற்றிய பொய்யும் நமக்கு அவ்வழி வந்து சேரவில்லை என்பது மற்றொரு நன்மை. வந்து சேர்ந்தது மூலநூல்களின் வழியே. அப்பொய்களுள் ஒன்று நம் கடலைப் பற்றியது ஆதலின் அதனைச் சற்று விரித்து உரைத்தல் வேண்டும்.

ஆர்தர் கானன் டாயில் 1890இல் வெளியிட்ட 'நால்வர் குறி' என்னும் நூலில் கொலைக்கு ஒரு நச்சு முள் சான்றாகின்றது. செர்லாக் ஓம்சு தம் அறையை விட்டு எழாமல், அந்நாளில் வெளிவரத் தொடங்கியதாகக் கூறப்படும் நாட்டுக் குறிப்பேடு ஒன்றின் முதல் மடலை எடுத்து, அந்தமான் தீவினரைப் பற்றிப் படிக்கின்றார். நான்கடிக்கும் குறைந்த உயரத்தினர், இணக்க முடியாதவர், மனிதரைத் தின்பவர் என அது கூறுகின்றது. அவ்வளவில் வழக்குத் தெளிந்துவிடுகின்றது. துப்பறிவோரே சாய்வு நாற்காலிப் பயணியாகும் இடம் இது! தடயங்கள் அனைத்தையும் ஐயுற்று ஆராய்பவர், அச்சிட்ட அந்நூலை மட்டும் ஐயுறவில்லை.

டாயில் அதற்கு முன் வட துருவக் கடலுக்கும் மேலை ஆப்பிரிக்காவிற்கும் கப்பல் மருத்துவராகச் சென்றவர், இந்தியாவைக் கண்டவரல்லர். ஆகவே சீக்கியரெனக் குறிக்கப்படும் காவலர்க்கு முகமது சிங், அப்துல்லா கான் என்று பெயரிட்டார். இது சிரித்து விடத் தக்க பிழை. அந்தமானியர் பற்றியது அத்தகையதன்று. கதையில் தோங்கா என்னும் தீவினன் ஊதுகுழலால் நச்சு முள் எய்கின்றான். அந்தமானியரின் கருவி வில்லும் அம்பும் எறியீட்டியுமே. ஊதுகுழல் மலேயா, போர்னியோ ஆகிய இடங்களின் காட்டு மக்களுக்கு உரியது. அவர்கள் மனிதரைத் தின்றனர் என்பதற்குச் சான்றில்லை. போர்ட் பிளேரில் அதிகாரியாயிருந்து அம்மக்களின் மொழியைக் கற்ற ஈ. எச். மேன், 1880களிலேயே இலண்டன் மானிடவியல் கழக இதழில் இக்கூற்றை மறுத்து எழுதிவிட்டார். நூல் வெளிவருமுன்பே உண்மை அதே நகரில் அச்சில் இருந்தது. தோங்கா தன் தலைவனுக்குக் காட்டிய அன்பையும் உண்மையையும் டாயில் மறைக்கவில்லை. ஆனால் அவன் வாய்ச்சொல்லாக ஒன்றும் நூலில் இல்லை. அவன் மொழி சிறிது கற்றதாக வெள்ளைக் கைதி கூறுகின்றான்; அம்மொழியில் அவர்கள் என்ன பேசினர் என்பது சொல்லப்படவில்லை.

நம்மவரும் இவ்வகையில் முற்றும் தூயவரல்லர். அக்கடலின் தீவுகளைத் தமிழர் அறிந்திருந்தனர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைக் கூறும். மணிமேகலையில் ஆதிரையின் கணவனாகிய சாதுவன் கலமுடைந்து ஒதுங்கிய நாகர் மலையைச் சிலர் அத்தீவுகளோடு பொருத்துவர். ஆங்கு வாழ்வோர் ஆடையற்றவர், ஊன் தின்போர், மனிதரையும் உண்போர் என்றே சாத்தனாரும் பாடுகின்றார். இஃது ஓம்சின் குறிப்பேட்டுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எனினும் அடுத்து நிகழ்வது வேறு. தன்னைக் கொல்ல வந்தவரிடம் சாதுவன் அவர்தம் மொழியிலேயே பேசுகின்றான்; அவர்கள் வியந்து விலகித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் கள்ளும் ஊனும் ஒரு நங்கையும் தர முன்வருகின்றான். சாதுவன் மறுக்க, இவையின்றி வாழ்வில் என்ன இன்பம் என்று வினவுகின்றான். அவ்வினா நேர்மையானது. சாதுவன் விடை கூறுகின்றான். தலைவன் மீண்டும் கேட்கின்றான். இறுதியில் ஏற்கத் தகுந்தவற்றை மட்டும் ஏற்கின்றான். சாதுவன் போதிப்போனாகவும் நாகன் கற்போனாகவும் அமைந்தமை சாத்தனாரின் சமயச் சார்பு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அயலானுக்கு வாய் உண்டு, வாதம் உண்டு என்பதை அக்காப்பியம் மறுக்கவில்லை.

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபின், 1877இல் பரவிய தட்டம்மை முதலான நோய்களால் அம்மக்கள் அழியத் தொடங்கினர். பேரந்தமானியர் தொகை 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625, 1961இல் 19. அவர்தம் மொழிகளுள் ஒன்றாகிய ஆக்கா-போவைப் பேசிய இறுதிப் பெண்மணி 2010 சனவரியில் மறைந்தார். மொழியியலறிஞர் அன்விதா அப்பி, எஞ்சியோர் வாய்மொழியைப் பதிவு செய்து, பேரந்தமானிய மொழி அகராதி ஒன்றை 2012இல் வெளியிட்டுள்ளார். 'நால்வர் குறி' இன்றும் பதிப்பிக்கப்பட்டு வருகின்றது. ஓம்சு எடுத்துப் படித்த குறிப்பேட்டுப் பகுதியும் அதனுள் அவ்வாறே உள்ளது.